பி.எஃப்ல ரெண்டு பர்சென்ட்டும் எங்க அத்தையோட நூத்தி எம்பது ரூபாயும்

ரொம்ப நாளா ஆணி அதிகம் மக்களே, அதான் கடைப்பக்கம் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது ஜாலியா ஒரு பதிவோட வரணும்னுதான் நினைச்சேன். எங்க ஹெச்.ஆர் அனுப்பின ஒரு மெயில் அந்த நினைப்புல மண்ணை அள்ளிப் போட்டுடுச்சு. அதனால இன்னிக்கு வருங்கால வைப்பு நிதி. அதாங்க, பி.எஃப். கொட்டாவி விடறவங்க தாராளமா விடலாம், பாதியில மட்டும் எந்திரிச்சுப் போயிடாதீங்க. நடுவுல எங்க அத்தை வர்றாங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வர வசதியா இருக்கும். கம்பெனி நம்ம பி.எஃப்ல போடற பங்கு அன்பளிப்பு இல்லை. நாம செஞ்சு முடிச்ச வேலைக்கு, கையில குடுக்காம நிறுத்தி வச்ச கூலி அது. கஷ்ட காலம் வந்தா அதை வருஷத்து நடுவுல தள்ளிப் போடலாம். கழிச்சு விடக் கூடாது.

இப்போ கணக்கு. பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டையும் சேர்த்து அதுல 12 சதவீதம் நம்மகிட்ட பிடிக்கறாங்க. கம்பெனியும் 12 போடுது. நம்ம 12 அப்படியே பி.எஃப் கணக்குக்குப் போகுது. கம்பெனியோட 12 மட்டும் ரெண்டாப் பிரியுது. 8.33 பென்ஷன் திட்டத்துக்கு. (அதுவும் 2014 செப்டம்பர்லேர்ந்து சம்பளம் 15,000 வரைக்கும்தான் கணக்கு, அதாவது அதிகபட்சம் மாசம் 1,250 ரூபாய்.) மிச்சம் 3.67 தான் நம்ம பி.எஃப் கணக்குல 'நிறுவனத்தின் பங்கு'ன்னு வந்து உக்காருது. இந்த 3.67-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, கதாநாயகனே அவர்தான்.

இந்த 12 வானத்துலேர்ந்து விழுந்ததும் இல்லை. 1952-ல சட்டம் வந்தப்போ ஆறேகால் சதவீதம்தான். படிப்படியா ஏறி, 1997-ல தான் பெரும்பாலான தொழில்களுக்கு 12 ஆச்சு. அப்பவும் சட்டத்துக்குள்ள எழுதியிருந்தது 10 தான். அந்த மேல் ரெண்டு, அரசு அறிவிக்கை மூலமா வந்தது. அறிவிக்கையில வந்தது அறிவிக்கையிலயே போகவும் செய்யும் இல்லையா? போச்சு. 2020-ல.

அந்த வருஷம் மே மாசம் நான் கணியம்பாடியில இருந்தேன். தெரியாதவங்களுக்கு: வேலூர்லேர்ந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, ஜவ்வாது மலை அடிவாரத்துப் பக்கம். அமிர்திக்கு டூர் போனவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. ஜன்னல் வழியா பாத்திருப்பீங்க, மறந்திருப்பீங்க. காலேஜ் முடிச்சு பொட்டி தட்டற வேலையில சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. ஊரடங்குன்னு சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு வந்து, மொட்டை மாடி தண்ணித் தொட்டி நிழல்ல லேப்டாப் வச்சு உக்காந்திருந்தேன். அங்கதான் சிக்னல் ரெண்டு கோடு காட்டும்.

மே 13-ந்தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் டிவியில வந்தாங்க. சுயசார்பு பாரதம் அறிவிப்புகள்ல அதுவும் ஒண்ணு. மே, ஜூன், ஜூலை மூணு மாசத்துக்கு பி.எஃப் பங்கு 12-லேர்ந்து 10. ஊழியர் பங்கும் 10, நிறுவனப் பங்கும் 10. ஆறரை லட்சம் நிறுவனங்கள், 4.3 கோடி ஊழியர்கள், மூணு மாசத்துல 6,750 கோடி ரூபாய் புழக்கத்துக்கு வரும்னு கணக்கு சொன்னாங்க. மே 18-ல அறிவிக்கை வந்துடுச்சு. மே மாசச் சம்பளத்துலேர்ந்தே அமல். அதாவது மாசம் பாதிக்கு மேல வேலை செஞ்சு முடிச்ச பிறகு, அந்த மாசத்துக் கூலியோட விதி மாறுது. கிரிக்கெட்ல பதினாலாவது ஓவர்ல வந்து 'இந்த மேட்ச்ல ஃபோருக்கு மூணு ரன்தான்'னு சொன்ன மாதிரி.

எனக்கு என்ன ஆச்சுன்னா, கைக்கு வர்ற சம்பளம் ஏறிச்சு! அடிப்படை 15,000. என்கிட்ட பிடிக்கறதுல 300 குறைஞ்சது. கம்பெனி போட வேண்டியதுல குறைஞ்ச 300-ம் என் சம்பளத்துலயே வந்துடுச்சு. ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு சி.டி.சி கணக்கு. கம்பெனி பங்கும் சேர்த்துத்தான் 'உனக்கு வருஷத்துக்கு இவ்வளவு லட்சம்'னு ஆஃபர் லெட்டர்ல அடிச்சிருப்பான். அதுல கொஞ்சத்தை பி.எஃப்க்கு அனுப்பலைன்னா நம்ம கையில குடுத்தாகணும். இதை பி.எஃப் நிறுவனமே கேள்வி பதில் வெளியிட்டு விளக்கிச்சு. சி.டி.சி முறையில பத்தாயிரம் ரூபாய் சம்பளக்காரனுக்கு 200 பிடித்தம் குறையும், இன்னொரு 200 கம்பெனிகிட்டேர்ந்து நேரா வரும்னு உதாரணம் போட்டே சொன்னாங்க.

டீம் குரூப்புல ஒரே ஸ்மைலி. 'கொரோனாவுல இங்கிரிமென்ட் வாங்கின ஒரே பேட்ச் நாமதான்டா'ன்னு ஒருத்தன் போட்டான். சிரிச்சோம்.

இப்போ அத்தை.

எங்க அத்தை ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில தையல் பிரிவு. விடிகாலையில கம்பெனி வேன் வரும், ராத்திரி திரும்ப வந்து இறக்கி விடும். எங்க பக்கத்துல வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்னு தோல், ஷூ கம்பெனிகளை நம்பித்தான் பாதி குடும்பங்கள்ல அடுப்பு எரியுது, அதுலயும் பொம்பளைங்க சம்பளம். அவங்களுக்கு சி.டி.சியும் கிடையாது, ஆஃபர் லெட்டரும் கிடையாது. நாள் கூலி இவ்வளவு, மாசத்துக்கு இத்தனை நாள், பி.எஃப் பிடிப்பு, ஈ.எஸ்.ஐ பிடிப்பு, மிச்சம் கையில. அவ்வளவுதான்.

2020 தீபாவளிக்கு முன்னாடி அத்தைக்குக் கொஞ்சம் பணம் எடுக்க வேண்டியிருந்தது. நான்தான் உக்காந்து ஆதார் இணைச்சு, ஓ.டி.பி வாங்கி, பாஸ்புக்கைத் திறந்தேன். மூணு கட்டம் இருக்கும். ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன். அத்தைக்கு மாசம் 9,000 கணக்கு. வழக்கமா 1,080, 330, 750-ன்னு வரும். அந்த மூணு மாசம் மட்டும் 900, 150, 750.

"இன்னாடா இது, நடுவுல மூணு மாசம் கம்பெனி போட்டது கம்மியா கீது?"

"கவர்மென்ட்டு குறைச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க அத்த."

"என் பங்குல கொறச்சது கைக்கு வந்துச்சு, நூத்தி எம்பது ரூபா. கம்பெனி பங்குல கொறச்சது எங்க போச்சு?"

"அது... கம்பெனிக்கே போயிடுச்சு அத்த."

"அது என் காசு இல்லியா கண்ணு?"

மக்களே, நான் இன்ஜினியரிங்ல நாலு வருஷம் படிச்சதுல இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மூணே மாசம், மாசம் 180, மொத்தம் 540 ரூபாய்தான். ஆனா 330, 150 ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பேருக்கு 'ரெண்டு சதவீதம்தானே குறைப்பு'. பென்ஷனுக்குப் போற 8.33-ல கை வைக்கலை. அதனால குறைஞ்ச ரெண்டும் மொத்தமா நம்ம கதாநாயகன் தலையிலதான் விழுந்தது. 3.67 போய் 1.67 ஆயிடுச்சு. பி.எஃப் கணக்குக்கு வர்ற கம்பெனி பங்குல பாதிக்கு மேல காலி. பேப்பர்ல 'பன்னிரண்டிலிருந்து பத்து'ன்னு படிச்ச யாருக்கும் இது தோணியிருக்காது.

ஒரே அறிவிப்பு, ரெண்டு விதமான விளைவு. ஏ.சி ரூம்ல (சரி, தண்ணித் தொட்டி நிழல்ல) உக்காந்திருந்த எனக்கு, கம்பெனி பங்கு கைக்கு வந்துச்சு. தையல் மிஷின்ல உக்காந்திருந்த அத்தைக்கு அது கம்பெனி கல்லாவுக்குப் போச்சு. சட்டப்படிதான். யாரும் திருடலை. அதுதான் இதுல இருக்கற வயித்தெரிச்சலே.

இன்னொரு கூத்தையும் சொல்லணும். அதே அறிவிப்புல, மத்திய மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள் மட்டும் நிறுவனப் பங்கை 12-ஆவே தொடரணும்னு போட்டிருந்தாங்க. ராணிப்பேட்டையில பெல் நிறுவனத்தோட ஆலை இருக்கு. அது மத்தியப் பொதுத்துறை. ஒரே ஊர், ஒரே கொரோனா, ஒரே அரசாங்கம் போட்ட விதி. பொதுத்துறை கேட்டுக்கு உள்ள போற தொழிலாளிக்கு முதலாளி பங்கு 12, அதே ரோட்டுல ஷூ கம்பெனி கேட்டுக்குள்ள போற தொழிலாளிக்கு 10. பொதுத்துறைக்காரங்களுக்குக் குறைச்சிருக்கணும்னு நான் சொல்ல வரலை, சாமி சத்தியமா இல்லை. தன் சொந்த நிறுவனங்களுக்குக் 'குறைக்காதே'ன்னு சொன்னபோதே, அது தொழிலாளியோட பணம்தான்னு அரசுக்குத் தெரிஞ்சிருக்குன்னுதான் சொல்ல வர்றேன்.

(பத்து சதவீதம் நிரந்தரமாவே இருக்கற தொழில்களும் உண்டு. பீடி, செங்கல், சணல், கயிறு, 20 பேருக்குக் குறைவான நிறுவனங்கள். வேலூர் பக்கம் வீட்டுத் திண்ணையில பீடி சுத்தற பொம்பளைங்க வருஷம் பூரா அந்தப் பத்துலதான் இருக்காங்க. கூலி குறைவா இருக்கற இடத்துலதான் சதவீதமும் குறைவா இருக்கு. அது தனிப் பதிவு, இன்னொரு நாள்.)

'தம்பி, அப்போ கம்பெனிங்க எல்லாம் மூடற நிலைமை. ஆர்டர் கேன்சல், கப்பல் நின்னு போச்சு. ரெண்டு சதவீதம் கூட விட்டுக் குடுக்கலைன்னா வேலையே போயிருக்கும்'னு யாராவது கேப்பீங்க. கேக்கணும். நியாயமான கேள்விதான். எங்க ஊர்லயே வேன் வராத மாசங்கள் எனக்கும் தெரியும். அத்தையே தன் பங்குல குறைஞ்ச 180 கைக்கு வந்ததை வேண்டாம்னு சொல்லலை. அந்த நேரத்துல அது அரிசிக்கு ஆச்சு. அதுக்கு அரசைப் பாராட்டவும் எனக்குத் தயக்கமில்லை. ஊழியர் பங்கைக் குறைச்சது சரி. வேண்டாம்னா நான் 12-ஏ கட்டிக்கறேன்னு சொல்லவும் ஊழியருக்கு வழி இருந்தது. அதிகமா கட்டறது அவங்க இஷ்டம்.

ஆனா கம்பெனி பங்கு விஷயத்துல, அதே 2020-ல நம்ம கண்ணு முன்னாடியே இன்னொரு வழி நடந்துட்டு இருந்ததே!

மார்ச் 27-ந்தேதி ரிசர்வ் வங்கி ஒண்ணு அறிவிச்சது. கடன் தவணை கட்ட முடியாதவங்களுக்கு மூணு மாசம் அவகாசம் குடுக்கலாம்னு. அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. எங்க தெருவுலயே பைக் லோன், நகைக் கடன்னு ஆளாளுக்கு அதைப் பத்தித்தான் பேச்சு. அவகாசம்னா என்ன? தள்ளுபடியா? ஒரு ரூபாய் கூடத் தள்ளுபடி இல்லை. தவணையைத் தள்ளிப் போட்டாங்க, அந்த மாசங்களுக்கும் வட்டி ஓடிச்சு. வட்டிக்கு வட்டி போட்டது பெரிய பிரச்னையாகி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில ரெண்டு கோடி வரைக்குமான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அரசு ஏத்துக்கிச்சு. சாதா வட்டி? அது கட்டித்தான் ஆகணும்.

ரெண்டையும் சேர்த்து யோசிங்க. தொழிலாளி பேங்குக்குக் குடுக்க வேண்டிய காசுன்னா 'அப்புறமா குடு, வட்டியோட குடு'. முதலாளி தொழிலாளிக்குக் குடுக்க வேண்டிய காசுன்னா 'விடுப்பா, மூணு மாசத்துக்குக் குடுக்க வேண்டாம்'. கொரோனா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? கம்பெனிக்கு நெருக்கடின்னா அந்த ரெண்டு சதவீதத்தை ஒரு வருஷம் கழிச்சு, ஏன் ரெண்டு வருஷம் கழிச்சு, பி.எஃப் வட்டியோட பன்னிரண்டு தவணையில கட்டச் சொல்லியிருக்கலாம். கம்பெனிக்கு அப்போ தேவைப்பட்டது கையில காசுப் புழக்கம். அது கிடைச்சிருக்கும். அத்தையோட 540-ம் பத்திரமா இருந்திருக்கும்.

'540 ரூபாய்க்கா இவ்வளவு பெரிய பதிவு?'ன்னு கேக்கற நண்பர்களுக்கு: அத்தைக்கு இன்னும் பதினெட்டு வருஷ சர்வீஸ் இருக்குன்னு வச்சுக்கோங்க. 2024-25-க்கு அறிவிச்ச வட்டி 8.25 சதவீதம். அது அப்படியே இருந்தா 540 சுமார் 2,250 ஆகும். என்னை மாதிரி அப்போதான் வேலைக்குச் சேர்ந்து, சி.டி.சி இல்லாத இடத்துல 15,000 அடிப்படையில இருந்த ஒரு பையனுக்குப் போன 900 ரூபாய், 35 வருஷத்துல 14,000 தாண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனா அத்தை ஒரு ஆள். தையல் பிரிவுல மட்டும் எத்தனை வரிசை மிஷின் இருக்குன்னு அந்தக் கம்பெனிங்க உள்ள போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

வெளியூர்ல எப்படின்னு கொஞ்சம் தேடிப் பாத்தேன். அமெரிக்காவுல 401 கே-ன்னு ஒரு திட்டம். நம்ம பி.எஃப் மாதிரி கம்பெனி பங்கு போட்டே ஆகணும்னு பொதுவா கட்டாயம் கிடையாது. அதனால நெருக்கடி வந்தா முதல்ல வெட்டறது அதைத்தான். ஃபெடெக்ஸ் கம்பெனி 2009 பிப்ரவரியில தன் பங்கை நிறுத்தி வச்சது. 2020-லயும் பல கம்பெனிங்க அதையே செஞ்சாங்க. ஆக, அங்க பாலும் தேனும் ஓடலை. ஆனா 'சேஃப் ஹார்பர்'னு ஒரு வகைத் திட்டம் வச்சிருக்கற கம்பெனிக்கு மட்டும் ஒரு நல்ல கட்டுப்பாடு இருக்கு. வருஷத்து நடுவுல தன் பங்கைக் குறைக்கணும்னா, ஒண்ணு அந்தக் கம்பெனி நஷ்டத்துல ஓடணும். இல்லைன்னா 'நடுவுல குறைச்சாலும் குறைப்போம்'னு வருஷம் ஆரம்பிக்கும் முன்னாடியே நோட்டீஸ்ல சொல்லியிருக்கணும். எப்படியா இருந்தாலும் 30 நாள் முன்னாடி ஊழியருக்கு எழுத்துல தெரிவிக்கணும், அதைப் பாத்து அவர் தன் பங்கை மாத்திக்க அவகாசம் குடுக்கணும். குறைப்பு அமலாகற நாள் வரைக்கும் பழைய கணக்குல போட்டே ஆகணும்.

முப்பது நாள்! நமக்கு மே 13 டிவி, மே 18 அறிவிக்கை, மே மாசச் சம்பளம்.

அங்கயே இன்னொரு வேடிக்கை. ஏ.ஓ.எல் கம்பெனி 2014-ல, மாசா மாசம் போடற பங்கை வருஷக் கடைசியில மொத்தமா ஒரே தடவை போடறோம்னு மாத்தப் பாத்தது. நடுவுல வேலையை விட்டுப் போறவனுக்கு அந்த வருஷத்துப் பங்கு நாமம்னு அர்த்தம். ஊழியர்கள் போட்ட சத்தத்துல சில நாள்லயே பின்வாங்கிட்டாங்க. சத்தம் போட்டா சில சமயம் வேலை செய்யுது பாருங்க.

இப்போ ஆரம்பத்துல சொன்ன ஹெச்.ஆர் மெயில். (கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், இ.எம்.ஐ இருக்கு.) 2025 நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துச்சு இல்லையா, அதுல சம்பளம்னா என்னன்னு புது வரையறை. படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா, மேல போன பகுதியையும் சம்பளமாவே கணக்குல எடுக்கணும். அப்போ பி.எஃப் கூடும், கைக்கு வர்றது குறையும்னு ஊரே பயந்துச்சு. 15,000 உச்சவரம்புல பி.எஃப் கட்டறவங்களுக்குக் கைச் சம்பளம் குறையாது, அதுக்கு மேல கட்டறது விருப்பம்தான்னு தொழிலாளர் அமைச்சகம் டிசம்பர்ல விளக்கம் சொன்னது. எங்க ஹெச்.ஆர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. 'உங்கள் கைச் சம்பளத்தை மேம்படுத்தும் நோக்கில்', இத்தனை நாள் முழு அடிப்படைக்கும் 12 போட்டுட்டு இருந்ததை இனிமே 15,000-க்கு மட்டும் போடுவாங்களாம். அதாவது மாசம் 1,800. மிச்சம் 'சிறப்புப் படி'ன்னு சம்பளத்துல சேரும். மூணு வேலை நாளுக்குள்ள மறுப்பு சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்கப்படும். அமல்: நடப்பு மாசம்.

சி.டி.சி மாறலை, அதனால நஷ்டமில்லைன்னு டேமேஜர் சொன்னார். கம்பெனி பி.எஃப்ல போடற பங்குக்கு, வருஷம் ஏழரை லட்சம் உச்சவரம்பு தாண்டாத வரைக்கும், அப்போ வரி இல்லை சார். சிறப்புப் படிக்கு வரி உண்டு. அதோட அந்தப் படி மாசக் கடைசியில எங்க போகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஸ்விக்கிக்கும் தெரியும். நான் ரெண்டாவது நாளே 'பழையபடியே தொடரவும்'னு பதில் போட்டேன். தொடர்ந்தாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா டீம்ல லீவுல இருந்த ரெண்டு பேருக்கு, திரும்பி வந்து மெயில் பாக்கறதுக்குள்ள 'சம்மதம்' ஆயிடுச்சு. அதுல ஒருத்தி பிரசவ லீவு.

இது கூட பரவாயில்லை. எங்களுக்காவது ஒரு மெயில் வருது, பதில் போட ஒரு பட்டன் இருக்கு. அத்தைக்கு அந்த மூணு மாசத்துல நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் கூட ஒட்டலை. அரசு அறிவிக்கையே போதும்னு விட்டுட்டாங்க.

இப்போ நான் உண்மையிலயே கவலைப்படற விஷயத்துக்கு வர்றேன். 2020-ல நடந்தது ஒரு அவசரத்துக்கு, ஒரு தடவைக்குன்னு நினைச்சா, இல்லை. அந்த நாலு தொகுப்புல ஒண்ணான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல 144-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. (நம்ம ஊர்ல 144-ன்னாலே தடை உத்தரவுதானே ஞாபகம் வரும். இதுவும் ஒரு வகையில அதேதான்.) பெருந்தொற்றோ தேசியப் பேரிடரோ வந்தா, பி.எஃப், ஈ.எஸ்.ஐ ரெண்டுலயும் முதலாளி பங்கையோ தொழிலாளி பங்கையோ ரெண்டையுமோ, ஒரு தடவைக்கு மூணு மாசம் வரைக்கும், மத்திய அரசு ஒரு உத்தரவு மூலமா தள்ளி வைக்கலாம் அல்லது குறைக்கலாம். நாடு முழுக்கவோ, ஒரு பகுதிக்கு மட்டுமோ.

'ஒரு தடவைக்கு'ன்னா, எத்தனை தடவைன்னு அந்தப் பிரிவுல இல்லை. குறைச்சதைப் பின்னாடி ஈடு கட்டணும்னு இல்லை. சி.டி.சி இல்லாத தொழிலாளிக்கு முதலாளி பங்குல குறைஞ்சதைக் கையிலயாவது குடுக்கணும்னும் இல்லை. 'ஒரு பகுதிக்கு மட்டும்'ங்கறதையும் கவனிங்க. ஒரு புயல், ஒரு வெள்ளம்னா, அந்த வட்டாரத்துக்கு மட்டும் குறைக்க முடியும். புயல்ல வீடு இழந்தவனுக்கு நிவாரணம்ங்கற பேர்ல அவனோட பி.எஃப்லயே கை.

சட்டத்துல 'தள்ளி வைக்கலாம்'ங்கற வார்த்தை ஏற்கனவே இருக்கு பாருங்க. எனக்கு அது போதும். முதலாளி பங்குக்கு அந்த ஒரு வார்த்தையை மட்டும் வச்சுட்டு, 'குறைக்கலாம்'ங்கறதை ஊழியர் பங்கோட நிறுத்திக்கலாம். தள்ளி வச்சதைத் திரும்பக் கட்ட ஒரு கெடு, அதுக்கு பி.எஃப் வட்டி. மாத்தறதுக்கு ஒரு மாசம் முன்னாடி தமிழ்ல ஒரு நோட்டீஸ், கேட்டுல ஒட்டினாலும் சரி, வேன்ல ஒட்டினாலும் சரி. பழைய 1952 சட்டத்துல 12-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்தது. பி.எஃப் கட்ட வேண்டியிருக்குங்கற காரணத்தைக் காட்டி முதலாளி கூலியைக் குறைக்கக் கூடாதுன்னு சொன்ன பிரிவு. அதை எழுதினவங்களுக்கு, பி.எஃப்ல போடறதும் கூலியும் ஒரே பையிலேர்ந்து வருதுன்னு அப்பவே புரிஞ்சிருக்கு.

ஒரு வேண்டுகோள். சி.டி.சி இல்லாத வேலையில இருக்கறவங்க, இல்லை வீட்டுல அப்படி யாராவது இருக்கறவங்க, பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து 2020-ல சம்பள மாதம் மே, ஜூன், ஜூலை மூணு வரியை மட்டும் பாருங்க. நடுக்கட்டத்துல எவ்வளவு இருக்கு, அதுக்கு முந்தின மாசம் எவ்வளவு இருந்துச்சு, குறைஞ்சது கைக்கு வந்துச்சான்னு கேட்டு எழுதுங்க. ரெண்டு சதவீதத்தை மனசாரக் கையில குடுத்த கம்பெனி எதாவது இருந்தாலும் எழுதுங்க, இருந்தா சந்தோஷம்.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை, வெறும் பொட்டி தட்டறவன். அதனால 'என் பி.எஃப்பை எடுத்து மியூச்சுவல் ஃபண்டுல போடலாமா'ன்னு தனி மடல் அனுப்பாதீங்க :-)